ஒன்பதாவது ஆள்

அத்தியாயம் 17

2012 மே 20, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. பாரிஸ், லா சப்பல், நாலாம் மாடி. அரியரத்தினம் வீட்டு முன்னறையில் அன்று இருந்தவர்கள் ஆறு பேர்.

மேசையின் தலைப்பக்கம், கை வைத்த கதிரையில் அரியரத்தினம். அவருக்கு வலப்பக்கம் சோபாவில், இரண்டு பேருக்குரிய இடத்தைத் தனியாளாக நிறைத்துக்கொண்டு, புறநகர் செவ்ரானிலிருந்து விடியவே வந்துவிட்ட அவருடைய அக்கா புனிதவதி. யன்னலோரம், மே மாதம் என்பதால் குளிர்ந்து கிடந்த ஹீற்றரின் மேல் இராயப்பு. கார் து நோர் நிலையத்தில் ரயில் பெட்டி துடைப்பவர். ரயில் சம்பந்தமான எதற்கும் இந்த வீட்டில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கட்டில் விளிம்பில், மடியில் கணினியோடு கல்யாணப் பெண் நிருபா. குசினி வாசலில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், அவளுடைய தாய் பரமேஸ்வரி.

கதவடியில், விலைச்சீட்டு இன்னும் கழற்றாத புதுப் பயணப் பெட்டியின் மேல், பரமேஸ்வரியின் தங்கை சிவரஞ்சினி. கதிரை போதாத நாட்களில் அவளுக்கு எங்கே இடம் கிடைக்குமோ அங்கே இருப்பாள்.

சென்ற வாரங்களில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிருபாவுக்கும் பொண்டியில் இருக்கும் மாப்பிள்ளை லவனுக்கும் ஆவணியில் கல்யாணம். ஐரோப்பாவில் சிதறிக் கிடக்கும் நெருங்கிய உறவு ஒன்பது வீடு. தபாலில் அட்டை அனுப்பினால் அந்த ஒன்பது வீட்டிலிருந்தும் ஒருவர்கூட வரமாட்டார்கள். படியேறிப் போய், தாம்பாளம் நீட்டி, வாயால் சொல்ல வேண்டும். பன்னீர்ச் செம்பையும் சந்தனக் கிண்ணத்தையும் விமானத்தில் கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள் என்று தெரிந்த அன்றே அரியரத்தினம் முடிவெடுத்துவிட்டார். ரயில். ஒன்பது பேர், பதின்மூன்று நாள், ஒன்பது வீடு. நிருபாவும் இராயப்புவும் போகவில்லை. இங்கே இல்லாத மற்ற ஐந்து பேர் ஓல்னேயிலும் பொண்டியிலும் இருப்பவர்கள். அவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும் என்றார்.

அவர் வகுத்த பாதையைத்தான் இராயப்பு காலையிலிருந்து திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஊர்களின் வரிசையில் போகவில்லை. உறவின் மூப்பு வரிசையில் போனது. முதலில் ஒஸ்லோ. அங்கிருந்து கீழே பேர்ண். பேர்ணிலிருந்து மறுபடி மேலே கோபன்ஹேகன். பிறகு இத்தாலி. இப்படியே ஏறி இறங்கி, பாரிசுக்கு மிகக் கிட்ட இருக்கும் கொலோன் பதின்மூன்றாம் நாள் வந்தது.

“அரியண்ணை, குறை நினையாதேங்கோ. ஒஸ்லோவுக்கு கோபன்ஹேகனுக்குள்ளாலை தானே போறியள். அங்கையே இறங்கி ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போனால் என்ன?”

“ஏலாது. கோபன்ஹேகன் மூண்டாவது. மூத்தவருக்குச் சொல்லாமல் இளையவருக்குச் சொன்னால் மூத்தவர் கதவு துறப்பாரே?”

“அப்ப கொலோன்?”

“கடைசி. குணம் ஒண்டுவிட்ட சகோதரம்.”

இராயப்பு விரல் மடித்து எண்ணினார். “கொலோனுக்குள்ளாலை நாலு தரம் போறியள்.”

“ஓம்.”

“நாலு தரமும் இறங்க மாட்டியள்.”

“இறங்கேலாது. அதோடை குணத்தின்ரை மூத்தவன் அந்த ஸ்ரேசனிலை கோப்பிக் கடையிலை நிக்கிறான். கண்டானெண்டால் பிழை. அதாலை கொலோன் வரேக்கை எல்லாரும் தலையைக் குனியவேணும். தாளிலை போட்டிருக்கிறன், பதினோராம் வரியைப் பாரும்.”

உண்மையாகவே போட்டிருந்தது. ‘கொலோன்: தலை குனிதல், 6 நிமிடம்.’

“தம்பி, நான் குனிஞ்சால் பேந்து ஆர் என்னை நிமித்துறது?” என்றாள் புனிதவதி.

“நீங்கள் நித்திரை மாதிரிப் படுக்கலாம் அக்கா. அதுவும் போட்டிருக்கு.”

நிருபா கணினியிலிருந்து தலையெடுக்காமல், “மே நோன், வேண்டாம் அப்பா. ஒன்பது பேர் குனிஞ்சால் பொலிஸ் வந்து பாக்கும்,” என்றாள். இராயப்பு பெரிதாகச் சிரித்தார். பரமேஸ்வரியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிவரஞ்சினிக்கு மட்டும் அந்த ‘பொலிஸ்’ என்ற சொல் சிரிப்பு வரவிடாமல் செய்தது.

அரியரத்தினம் பிளாஸ்டிக் உறையில் போட்ட தாள்களை ஒவ்வொருவரிடமும் கொடுத்தார். ஒன்பது பிரதி. ஒவ்வொன்றிலும் மேலே ஆளின் பெயர், ஆளின் பொறுப்பு, கீழே நாள்வாரியாக ஊர். புனிதவதிக்குப் பன்னீர்ச் செம்பு. பரமேஸ்வரிக்குத் தாம்பாளம். சிவரஞ்சினியின் தாளில் இப்படி இருந்தது: ‘9. சிவரஞ்சினி. வெற்றிலைப் பெட்டி. ஒஸ்லோவில் முன்னுக்கு நிற்றல்.’

ஒஸ்லோவில் ஏன் அவள் முன்னுக்கு நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே இருப்பவர் வாமதேவன், பரமேஸ்வரிக்கும் சிவரஞ்சினிக்கும் தமையன். பதினான்கு வருடங்களாகப் பரமேஸ்வரியோடு கதைப்பதில்லை. தொண்ணூற்றெட்டில் தாய் கிளிநொச்சியில் கண்மூடிய செய்தி முதலில் பாரிசுக்குத்தான் வந்தது. பரமேஸ்வரிக்கு அதை அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று விட்டாள். அந்த நாளைக்குள் வாமதேவன் ஒஸ்லோவில் மரக்கறிக் கடையில் யாரோ ஒருவர் துக்கம் விசாரிக்க அறிந்துகொண்டார். மூத்த பிள்ளை, தாயின் சாவைக் கடையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டு நின்றபோது கேட்டார். அன்றோடு முடிந்தது.

இந்தச் சித்திரை வருடப் பிறப்புக்கு அவர் அரியரத்தினத்துக்குத் தொலைபேசி எடுத்தார். “தாய்மாமன் வேணுமெண்டால் ரஞ்சி வந்து என்ரை வாசல்லை நிண்டு கேக்கட்டும். காட் கிடைச்சு ஒண்டரை வருசம். ஒருக்கா வந்து என்ரை முகம் பாக்கேல்லை.”

இதில்தான் முடிச்சு. சிவரஞ்சினிக்குக் காட், அகதியாக ஏற்றுக்கொண்டு தரும் வதிவிட அட்டை, கிடைக்கவேயில்லை.

இரண்டாயிரத்துப் பத்தின் கடைசியில், அவளுக்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் காட் கிடைத்துக்கொண்டிருந்த நாட்களில், ஒவ்வொரு உறவும் தொலைபேசியில் கேட்டது. அரியரத்தினம் வாய் தவறிச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னார். எப்படியும் கிடைக்கப்போகிறது, இரண்டு மாதம் முந்திச் சொன்னால் என்ன? ஒன்பது வீட்டுக்கும் சொன்னார். மூன்றாம் வாரம் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடு போட்டார்கள். அந்த மேன்முறையீட்டு விசாரணையை லா சப்பலில் எல்லோரும் ‘கொமிசன்’ என்பார்கள். கொமிசன் திகதி வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே அவள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிகத் தாளோடு இந்த நாலாம் மாடியில் இருந்தாள். வேலை செய்ய அனுமதியில்லை. நாட்டெல்லை தாண்ட அனுமதியில்லை. கீழே தபால் பெட்டியில் அத்தானின் பெயர் அச்சில் இருந்தது. அவளுடைய பெயர் அதன் கீழே ஒட்டுத் துண்டில் இருந்தது.

அவள் தன் தாளை மேலிருந்து கீழே வாசித்தாள். தேவாலயத்தில் இலவசமாக நடக்கும் பிரெஞ்சு வகுப்புக்கு நாலு மாதம் போனதில் எண்களும் மாதங்களும் தெரியும். ஊர்ப் பெயர்களையும் திகதிகளையும் அத்தான் பயணச்சீட்டில் உள்ளபடி பிரெஞ்சிலேயே போட்டிருந்தார். புதன், ஜூன் 13, புறப்பாடு. வியாழன், ஜூன் 14, ஒஸ்லோ.

ஜூன் 14.

“அத்தான்,” என்றாள். “போன கிழமை நான் கையெழுத்து வைச்சு எடுத்த கடிதத்திலையும் இந்தத் திகதிதானே கிடந்தது? தடிச்ச எழுத்திலை?”

வெளியே பாலத்தின் மேல் மெட்ரோ போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்து ஓய்ந்தது.

“அது வேறை விசயம். அதை நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு சொன்னனான் தானே.”

“எந்தக் கடிதம்?” நிருபா நிமிர்ந்தாள். “சித்தி, எந்தக் கடிதம்?”

“பச்சை பைலிலை வைச்சவர்.”

“பிள்ளை, அதைத் துறக்காதை. அதிலை ரிக்கற் எல்லாம் ஒழுங்குக்கு வைச்சிருக்கிறன்.”

நிருபா அதற்குள் திறந்துவிட்டாள். முதல் வரியிலேயே அவள் முகம் மாறியது. பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். பிறகு சித்திக்கு விளங்க வேண்டுமே என்று தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“இது கொமிசன், சித்தி. உங்கடை கொமிசன். ஜூன் பதினாலு, வியாழன், காலமை ஒன்பது மணி. மொந்ரேய். நீங்கள் நேரிலை போகவேணும்.”

சிவரஞ்சினி பெட்டியிலிருந்து எழுந்தாள். எழுந்த பிறகு எங்கே போவது என்று தெரியவில்லை. கதவு அவளுக்குப் பின்னால்தான் இருந்தது. மறுபடியும் பெட்டியிலேயே இருந்தாள்.

“ஏன் அத்தான் சொல்லேல்லை?”

“சொன்னால் நீ பயப்பிடுவாய். இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? திகதி மாத்திக் கேக்கலாம். நான் கடிதமே எழுதி வைச்சிட்டன்.” மேசை லாச்சியை இழுத்து, மடிப்பு விழாத ஒரு தாளை எடுத்து வைத்தார். “உனக்குக் கடுமையான வருத்தம், வர ஏலாது, வேறை நாள் தாங்கோ எண்டு வடிவா எழுதியிருக்கு. நீ கையெழுத்து வைச்சால் காணும். நாளைக்குத் தபால் கந்தோர் துறந்தவுடனை பதிவுத் தபாலிலை போடுறன்.”

“மாத்தித் தருவினமோ?” என்றாள் பரமேஸ்வரி. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“ஏன் தராயினம்? அவையும் மனுசர் தானே.”

இராயப்பு ஹீற்றரில் இருந்து இறங்கி நின்றார். “அரியண்ணை, எங்களோடை பெட்டி துடைச்ச ஒரு பொடியன் திகதி மாத்திக் கேட்டவன். மாத்தேல்லை. ஆள் இல்லாமலே விசாரிச்சு முடிச்சுப்போட்டினம். வீட்டுக்குக் கடிதம் வந்துது. அதுக்குப் பிறகு அவனை நான் காணேல்லை.”

“ஒருத்தனுக்கு நடந்தால் எல்லாருக்கும் நடக்குமே?”

“நான் நடந்ததைச் சொன்னன். இன்னுமொண்டு. நீங்கள் போற லைனிலை பொலிஸ் ஏறிப் பாக்கிறது. எல்லா நாளும் இல்லை. ஆனால் பாக்கிற நாளிலை முதல் எங்கடை நிறத்தைத்தான் பாக்குது.”

“இராயப்பு, உம்மை ரயில் நேரம் பாக்கத்தான் கூப்பிட்டனான்.”

“நேரம் பாத்தாச்சு அண்ணை. பதினாலு ஜூன் நேரம் சரியில்லை.” அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கதவடியில் சிவரஞ்சினியைப் பார்த்து, “வாறன் தங்கச்சி,” என்றார். வேறு யாரிடமும் சொல்லாமல் படியிறங்கினார்.

அவர் போனதும் புனிதவதி சோபாவில் முன்னுக்கு நகர்ந்தாள். “அப்ப இவள் வராட்டி எட்டுப் பேர். நல்ல காரியத்துக்கு எட்டுப் பேராய்ப் படி இறங்கிறதே, தம்பி?”

“வருவாள் அக்கா.”

“எண் கிடக்கட்டும். தாய்மாமன் இல்லாமல் மணவறையிலை என்ன செய்யிறது? பொண்டியார் கேப்பினம். பெட்டையின்ரை மாமன் உயிரோடை இருக்க ஏன் வரேல்லை எண்டு கேப்பினம். பேந்து ஒண்டொண்டாய்க் கிளறுவினம். ரஞ்சி, நீ யோசி. உன்னாலை ஒரு பிள்ளையின்ரை கல்யாணத்திலை சொல் வரக் கூடாது.”

“எனக்கு மாமா வேண்டாம்!” நிருபா கணினியைப் பட்டென்று மூடினாள். “சித்தி, நீங்கள் கொமிசனுக்குப் போங்கோ. நாளைக்கு நான் உங்கடை லோயருக்குப் போன் அடிக்கிறன். லவனுக்கும் நான் சொல்லுறன், காட் இல்லையெண்டு. அவன் ஒண்டும் சொல்ல மாட்டான்.”

“லவன் சொல்லான். லவனைப் பெத்தவை சொல்லுவினம்,” என்றார் அரியரத்தினம். “நீ பிறந்த நாட்டிலை நிண்டு கதைக்கிறாய் பிள்ளை. உனக்கு எல்லாம் லேசு.”

நிருபா எழுந்தாள். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். போகும்போது ஒரு சின்ன ஒட்டுத்தாளில் திகதியையும் நேரத்தையும், எந்த மெட்ரோ என்பதையும் எழுதிச் சித்தியின் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனாள்.

மத்தியானம் சாப்பிட்டார்கள். மீன் குழம்பு நல்லாயிருக்கு என்று புனிதவதி மட்டும் மூன்று தரம் சொன்னாள்.

சிவரஞ்சினிதான் சமைத்தது. கை தன்பாட்டில் வேலை செய்தது. மனம் ஒஸ்லோ வாசலில் நின்றது. அவளுக்குப் போக விருப்பமில்லை என்று யாராவது நினைத்தால் அது பிழை. தொண்ணூற்றொன்றில் அண்ணன் புறப்பட்டபோது அவளுக்குப் பதினாறு வயது. படலை தாண்டி, திரும்பிப் பார்க்காமல் போனார். பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன் என்று பிறகு எழுதினார். அந்த முகத்தை ஒருமுறை பார்க்க இருபத்தொரு வருடமாகக் காத்திருக்கிறாள். இப்போது அத்தான் பயணச்சீட்டே எடுத்து, பெட்டி வாங்கி, கையில் வெற்றிலைப் பெட்டியும் தந்து, முன்னுக்கு நில் என்கிறார்.

ஏறினால் அண்ணனைப் பார்க்கலாம். திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு நாடும் இல்லாமல் போகலாம். ஏறாவிட்டால் அண்ணன் பகை. அக்காவின் மகளுக்கு மாமன் இல்லை. இந்த வீட்டில் அவளுக்குப் பாய் விரிக்கும் இடம் நாளைக்கும் இருக்குமா என்பதும் தெரியாது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலிருந்த சின்ன யன்னலால் எதிர் வீட்டுச் சுவர் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

பின்னேரம் நாலு மணிக்குப் புனிதவதி சோபாவில் கண்ணயர்ந்தாள். அரியரத்தினம் குசினிக்குள் வந்தார். வழக்கமாக அவர் வரும் இடம் அல்ல அது. தண்ணீர் வேண்டும் போலப் பாவனை செய்து ஒரு கிளாசை எடுத்தார்.

“ரஞ்சி, நான் கெட்டவனில்லை.”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை அத்தான்.”

“ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி உன்னை இஞ்சை எடுத்தது நான். ஒவ்வொரு மூண்டு மாதமும் விடிய நாலு மணிக்கு உன்னோடை வந்து வரிசையிலை நிண்டது நான்.”

“ஓம்.”

“ஒரு பேச்சுக்குச் சொன்னன். பிறகு அது ஒன்பது வீட்டிலையும் கிடக்கு. நான் அங்கையெல்லாம் போய், தாம்பாளத்தை நீட்டிக்கொண்டு, அந்த வாயாலையே, அண்டைக்குச் சொன்னது பொய் எண்டு எப்பிடிச் சொல்லுறது? சொல்லு பாப்பம்.” கிளாசில் தண்ணீர் பிடிக்காமலே அதைக் கழுவி வைத்தார். கழுவியதையே மறுபடி எடுத்துக் கழுவினார். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மனிதனும் ஒரு மூலைக்குள் நிற்கிறார் என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது.

“நீங்கள் சொல்லவேண்டாம் அத்தான்,” என்றாள்.

அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். முகம் தெளிந்தது. “அதுதானே. நீ விளங்கினவள். மேசையிலை கடிதமும் பேனையும் வைச்சிருக்கிறன். ஆறுதலாக் கையெழுத்தை வை. நான் அக்காவை ரயிலேத்திப்போட்டு, வெத்திலைக்கும் சொல்லிப்போட்டு வாறன்.”

ஏழு மணிக்கு இருவரும் இறங்கிப் போனார்கள். வெயில் இன்னும் எதிர்ச் சுவரில் இருந்தது.

சிவரஞ்சினி மேசையடியில் அரியரத்தினத்தின் கதிரையில் இருந்தாள். இந்த இரண்டரை வருடத்தில் அதில் அவள் இருந்தது அதுதான் முதல் தடவை. வருத்தம் என்று எழுதிய கடிதத்தை ஒரு பக்கம் நகர்த்தினாள். வேறு தாள் தேடினாள். கிடைக்கவில்லை. தன் பயணத் தாளை உறையிலிருந்து இழுத்தெடுத்தாள். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அவள் கிளிநொச்சியில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். எழுத்து உருண்டையாக, வரி பிசகாமல் வரும்.

‘அன்புள்ள பெரியண்ணைக்கு,

இந்தத் தாளின் மறுபக்கத்தில் ஜூன் 14 என்று இருக்கிறது. அன்று நான் உங்கள் வாசலில் நிற்பதாக இருந்தது. அன்று காலை ஒன்பது மணிக்குத்தான் எனக்கு இங்கே வழக்கு விசாரணை. எனக்குக் காட் இல்லை. கிடைத்தது என்று நீங்கள் கேட்டது உண்மையல்ல. என்னைப் பற்றி ஒருவரும் குறைவாகப் பேசக்கூடாது என்று அத்தான் சொன்னது அது. நானும் மறுக்காமல் இருந்தேன். அதனால் அதில் பாதி என்னுடையது.

இதை முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன். வேறு யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. கடையில் யாரும் சொல்லி நீங்கள் அறியக் கூடாது.

அக்கா அன்று சொல்லாமல் விட்டது உங்களை மதிக்காமல் அல்ல. பயத்தில். நானும் ஒன்றரை வருடம் அதே பயத்தில்தான் இருந்தேன். அது எப்படி என்று இப்போது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து சொல்வதுதான் முறை. என்னால் வர முடியாது. உங்களிடம் கடவுச்சீட்டு இருக்கிறது. என்னிடம் இல்லை. அதனால் நீங்கள்தான் வரவேண்டும்.

ரஞ்சி’

பேனையை மூடும்போதுதான் பின்னால் அக்கா நிற்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. முழுதும் வாசித்திருந்தாள்.

“இதைப் போட்டால் இவர் ஒன்பது வீட்டிலையும் தலை காட்டேலாது,” என்றாள் பரமேஸ்வரி.

“ஓம் அக்கா.”

“அண்ணை வராமலும் விடுவார்.”

“ஓம்.”

“நிருபான்ரை கல்யாணம்…”

“தெரியும் அக்கா. நீங்கள் வேண்டாமெண்டால் கிழிக்கிறன். ஆனால் அந்தக் கடிதத்திலை கையெழுத்து வைக்க மாட்டன். என்னாலை ஏலாது. நான் பதினாலாம் திகதி மொந்ரேய்க்குப் போறன். அதுக்குப் பிறகு இஞ்சை இருக்கேலாதெண்டால் வேறை இடம் பாக்கிறன்.”

பரமேஸ்வரி தாளைக் கையில் எடுத்தாள். முன்பக்கம் திருப்பினாள். “இதிலை கொலோன் கதையும் கிடக்கு.”

“கிடக்கட்டும். அண்ணை சிரிக்கட்டும்.”

பரமேஸ்வரி சிரிக்கவில்லை. தாளை மூன்றாக மடித்தாள். சேலை மடிக்கும் நேர்த்தியோடு, விளிம்பு விளிம்பில் பட மடித்தாள். லாச்சியிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கடிதத்தை உள்ளே வைத்தாள்.

“விலாசம் அத்தான்ரை பச்சை பைலிலை தான் இருக்கும்,” என்றாள் சிவரஞ்சினி. “அதைக் கையோடை கொண்டு போயிட்டார்.”

“பேனையைத் தா.”

பரமேஸ்வரி நின்றபடியே எழுதினாள். பெயர், வீட்டு இலக்கம், தெரு, தபால் எண், ஒஸ்லோ. ஒரு எழுத்துக்கும் தயங்கவில்லை.

“எப்பிடியக்கா?”

“மூண்டு தரம் வீடு மாறினவர். ஒவ்வொரு தரமும் ஆரையாவது பிடிச்சுக் கேட்டு வைச்சிருக்கிறன்.” உறையின் நாக்கை எச்சிலால் நனைத்து ஒட்டினாள். கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இரண்டு தரம் அழுத்தினாள். “என்ரை எழுத்து அவருக்குத் தெரியும். கிழிக்காமல் வைச்சாரெண்டால் வாசிப்பார்.”

முத்திரையும் அவள்தான் எடுத்துத் தந்தாள். ஒன்று போதாது, இரண்டு ஒட்டு என்றாள்.

மேசையில் மற்றக் கடிதம் அப்படியே கிடந்தது. கையெழுத்து வைக்கும் இடத்தில் அரியரத்தினம் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தார். அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதற்குப் பக்கத்தில், எல்லோரிடமிருந்தும் திரும்பச் சேர்த்து அடுக்கிய பிளாஸ்டிக் உறைகள் ஒன்பது. எட்டில் தாள் இருந்தது.

“அவர் வந்து கேட்டால்?” என்றாள் சிவரஞ்சினி.

“முதல் நீ போய்ப் போட்டிட்டு வா. கெதியாப் போ.”

நாலு மாடி. எழுபத்திரண்டு படி. கீழே கதவைத் தள்ளியபோது தெரு முழுக்க ஞாயிற்றுக்கிழமைச் சனம். மரக்கறிக் கடை வாசலில் முருங்கைக்காய்க் கட்டு. பாலத்தின் மேல் மெட்ரோ. தெரு முனையில் மஞ்சள் தபால் பெட்டி. அதற்கு இரண்டு வாய். இடப்பக்கம் பாரிசுக்கும் புறநகருக்கும். வலப்பக்கம் மற்ற எல்லா இடத்துக்கும்.

எதிர்ப்பக்க நடைபாதையில் அரியரத்தினம் நின்றார். வெற்றிலைக் கடைப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, பாதசாரி விளக்கு பச்சையாவதற்குக் காத்து நின்றார். வீதியில் வாகனம் ஒன்றும் இல்லாதபோதும் சிவப்பில் கடக்காத மனிதர் அவர். அவளைக் கண்டார். கையை உயர்த்தினார். பிறகு அவள் கையில் இருந்த உறையைக் கண்டார். உயர்த்திய கை அப்படியே நின்றது.

“ரஞ்சி!”

விளக்கு இன்னும் சிவப்பு.

சிவரஞ்சினி உறையை வலப்பக்க வாய்க்குள் விட்டாள். விளிம்பு கொஞ்சம் தடக்கியது. இரண்டு விரலால் உள்ளே தள்ளினாள். அது அடியில் போய் விழுந்த சத்தம் கேட்கும் வரை கையை எடுக்கவில்லை.